‘நமக்குக் கணக்கு வராது’: குரூப் 4 எழுதுவோர் இதை உடைப்பது எப்படி?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 கணக்கும் மனத்திறனும். கேள்விக்கு 1.5 வீதம் 37.5 மதிப்பெண். ‘நமக்குக் கணக்கு வராது’ என்று அந்தப் பக்கமே போகாதவர்கள் கைவிடுவது இதைத்தான்.

ஒரு நோட்டு போதும். தினம் 5 கணக்கு, 20 நிமிடம், வாரம் முழுக்க ஒரே தலைப்பு. பேனாவை எடுக்கும் முன் மனதில் ஓடும் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். வயிறு பிசைந்தால் அதையும் எழுதுங்கள்.

தப்பானால் ‘தெரியல’ என்று விடாமல், எந்த வரியில் சறுக்கியது என்று குறியுங்கள். ரூ.6,000-க்கு ஆண்டுக்கு 10% தனிவட்டி, 8 மாதம். விடை 4,800 வந்தால் மாதத்தை ஆண்டாகப் போட்டிருக்கிறீர்கள். 8/12 என்று மாற்றினால் 400. ‘வராது’ என்று நினைத்தது இந்த ஒரு வரிதான்!

பள்ளியில் வாத்தியார் மட்டம் தட்டியிருக்கலாம். பயம் அங்கிருந்து வந்திருக்கும். ஆனால் இன்றைய 20 நிமிடம் உங்கள் கையில்.

பலருக்குக் கெடுவது முதல் வாரத்திலேயே. உற்சாகத்தில் 30 கணக்கு போட்டு மூன்றாம் நாளே நோட்டை மூடிவிடுவார்கள். இன்னொரு பொறி, விடையைப் பார்த்து ‘புரிஞ்சிடுச்சு’ என்பது. மூடிவைத்து மறுபடி போடுங்கள். கண்ணாடி முன் ‘என்னால் முடியும்’ என்று நூறு தடவை சொல்வதெல்லாம் வேண்டாம்.

14-ஆம் நாள், முதல் நாளின் 5 கணக்கையும் திரும்பப் போட்டு, ஆன நேரத்தையும் தப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.