இட்லி மாவின் நுண்ணுயிர்க் கூட்டம் மாறுவதைக் கவனிக்கும் முறை

அரைத்த மாவை உயரமான கண்ணாடிக் குவளையில் பாதியளவு ஊற்றி, மட்டத்தை மையால் குறித்து, ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள இடத்தில் வைத்து, 2 மணி நேரத்திற்கு ஒருமுறை மாவின் உயரத்தையும், பி.எச். தாள் (புளிப்பை எண்ணாகக் காட்டும் தாள்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) காட்டும் அளவையும், மணத்தையும் எழுதிவாருங்கள்.

முதல் சில மணி நேரம் எதுவும் நடவாததுபோல் தோன்றினாலும், உளுந்தோடு வந்த பாக்டீரியாக்கள் அப்போதே பெருகத் தொடங்கியிருக்கும். (கையால் கலக்கினால்தான் புளிக்கும் என்பார்கள், ஆனால் புளிக்கவைக்கும் உயிர்கள் பருப்பிலேயே இருக்கின்றன.) அவற்றுள் லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் விரைவில் முந்துகிறது, அது வெளியிடும் கரியமில வாயு மாவைப் பொங்கச் செய்ய, அதன் லாக்டிக் அமிலம் புளிப்பைத் தாங்காத பிற பாக்டீரியாக்களை ஒடுக்குகிறது. பி.எச். 6-க்கு அருகிலிருந்து 4.5-ஐ நோக்கி இறங்குவதில் இந்த மாற்றத்தைக் காணலாம். அமிலம் மிகுந்தபின் அதை உண்டாக்கிய லூக்கோனாஸ்டாக்கே தளர்ந்து, புளிப்பை மேலும் தாங்கும் பீடியோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. தான் ஆக்கிய சூழலே தன்னை விலக்கும் இக்கட்டத்தையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஆகவே மாவு உச்சம் தொட்டுத் தாழ்ந்த பின்னும் அளவெடுப்பதை நிறுத்தாதீர்கள்.

அருகிலேயே, பழைய மாவு ஒரு கரண்டி கலந்த இன்னொரு குவளையையும் வையுங்கள். அமிலம் தாங்கும் உயிர்களோடு தொடங்குவதால் அது முன்னதாகவே புளிக்கும்.