வெர்செய்ல்ஸ் நியாயமா, அநியாயமா: பதில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணா நகர்ப் பக்கம் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் வரலாற்று விடைத்தாள்களைத் திருத்துவது என் வேலை. தோற்ற நாட்டின் தலையில் கட்டப்பட்ட சமாதானம் நியாயமா என்று கேட்டால், பெரும்பாலான தாள்கள் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை 1919-இல் வெர்செய்ல்ஸ் ஒப்பந்தத்தால் அவமானப்படுத்தினார்கள், அதனால் ஹிட்லர் வந்தார், அதனால் இரண்டாம் உலகப் போர் மூண்டது, ஆகவே அநியாயம்.

முதலில் விட வேண்டியது இந்தத் தடத்தைத்தான். 1928 தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி வாங்கிய வாக்கு 2.6 சதவீதம். 1932 ஜூலையில் 37.3 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் ஒப்பந்தம் கடுமையாகவில்லை, தளர்ந்துகொண்டே வந்தது. ஜெர்மனியின் மேற்குப் பகுதியான ரைன்லாந்தில் இருந்த நேச நாட்டுப் படைகள் குறித்த காலத்துக்கு ஐந்து ஆண்டு முன்பே, 1930-இல் கிளம்பிவிட்டன. இழப்பீட்டுக் கணக்கை லோசான் மாநாடு முடித்துவைத்ததும் அதே 1932 ஜூலையில்தான். நடுவில் புதிதாக வந்து சேர்ந்தது 1929-இன் பொருளாதாரச் சரிவும் வேலையின்மையும். வெர்செய்ல்ஸ் மீதான கோபத்தை நாஜிகள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் 1919-இல் போட்ட நிபந்தனையை ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் நின்றுகொண்டு எடைபோடக் கூடாது. அன்று என்ன சேதம், யார் செய்தது, யாரிடம் எவ்வளவு இருந்தது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, தொகையைப் பார்த்ததும் மலைத்துப்போவது. 1921-இல் விதித்த இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க். இதை எழுதிவிட்டு "கட்டவே முடியாத தொகை" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தத் தொகையை ஏ, பி, சி என்று மூன்று வகைக் கடன்பத்திரங்களாகப் பிரித்திருந்தார்கள். ஏ, பி இரண்டும் சேர்ந்து 5,000 கோடி. மீதி 8,200 கோடி சி வகை. ஜெர்மனிக்கு வசதி வந்தால்தான் அதைக் கேட்கவே முடியும். அது வசூலாகாது என்று கணக்குப் போட்டவர்களுக்கே தெரியும். பிரான்சிலும் பிரிட்டனிலும் பெரிய தொகையை எதிர்பார்த்த மக்களுக்குக் காட்டத்தான் அது. அந்த 5,000 கோடியிலும் ஒரு பகுதிதான் கடைசியில் கைக்கு வந்தது.

சரி, அந்தப் பணத்தை எதற்காகக் கேட்டார்கள்? இதைச் சென்னைவாசிகளுக்கு விளக்குவது சுலபம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம் ஊர் மீது குண்டு வீசியதில், துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற மதில் சுவரில் அதற்கு ஒரு நினைவுக் கல்லே இருக்கிறது. குடிமக்களுக்கும் அவர்கள் உடைமைக்கும் நேர்ந்த இப்படிப்பட்ட சேதத்துக்குத்தான் வெர்செய்ல்ஸ் ஒப்பந்தத்தின் 232-ஆம் பிரிவு ஈடு கேட்டது. எல்லா இழப்பையும் ஈடுகட்ட ஜெர்மனியிடம் வசதி போதாது என்று ஒப்புக்கொள்வதும் அதே பிரிவுதான். போர்ச் சேதத்துக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்று சொல்லும் முந்தைய 231-ஐ மட்டும் மேற்கோள் காட்டி, உலகிலேயே ஜெர்மனி மேல் மட்டும்தான் பழி போட்டார்கள் என்று எழுதுபவர்கள் இதைப் படிப்பதில்லை. ஆஸ்திரியா, ஹங்கேரி ஒப்பந்தங்களிலும் அதே போன்ற பிரிவு உண்டு.

ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்வதும் தவறு. ஜெர்மனி தன் ஐரோப்பிய நிலத்தில் சுமார் 13 சதவீதத்தை இழந்தது. டிரையனான் ஒப்பந்தத்தில் ஹங்கேரி இழந்தது மூன்றில் இரண்டு பங்கு. 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தத்தில் ரஷ்யாவிடமிருந்து அதே ஜெர்மனி பிரித்தெடுத்த நிலங்களில் வாழ்ந்தவர்கள், ரஷ்யப் பேரரசின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஒப்பிட்டதோடு நின்றுவிட்டால், "அவன் செய்தான், இவனும் செய்தான்" என்ற தெருச்சண்டை நியாயத்தில்தான் போய் முடியும்.

என்னைக் கேட்டால், வெர்செய்ல்ஸின் உண்மையான அநியாயம் தொகையிலோ நிலத்திலோ இல்லை, நடைமுறையில் இருக்கிறது. 1919 மே 7 அன்று வரைவை ஜெர்மன் குழுவின் கையில் கொடுத்தார்கள். நேருக்கு நேர் பேச்சு கிடையாது, ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம், அவ்வளவுதான். கையெழுத்துப் போடாவிட்டால் மறுபடி போர் என்றார்கள். உணவுக்கான கடல் முற்றுகையும் முழுவதுமாக நீங்கியிருக்கவில்லை. போரை நடத்திய ஜெர்மன் பேரரசர் கைசர் நெதர்லாந்தில் பத்திரமாக இருந்தார். ஜூன் 28 அன்று கையெழுத்திட்டு ஊர்ப் பழியைச் சுமந்தவர்கள் புதிய குடியரசின் அமைச்சர்கள், ஹெர்மன் முல்லரும் யோகன்னஸ் பெல்லும். ஒரு நாட்டை ஒரே ஆளாக நினைத்து "ஜெர்மனி செய்தது, ஜெர்மனி அனுபவித்தது" என்று எழுதும்போது இது கண்ணுக்கே தெரியாது.

அப்புறம், இதெல்லாம் ஐரோப்பாக்காரர்கள் சமாச்சாரம் என்ற நினைப்பு. 1769-இல் மைசூரின் ஹைதர் அலி மதராஸின் வாசலிலேயே வந்து நின்று கிழக்கிந்தியக் கம்பெனியைப் பணியவைத்தார். பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தருவது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்று ஒப்பந்தமானது. வென்றவர் இவ்வளவு இறங்கிவந்தும் அது நிலைக்கவில்லை. மராத்தியர் மைசூர் மீது படையெடுத்தபோது கம்பெனி உதவிக்கு வரவில்லை. 1780-இல் மறுபடி போர். மென்மையான நிபந்தனை போட்டால் சமாதானம் தானாக நிலைக்கும் என்று எழுதுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

1792-இல் நிலைமை தலைகீழ். கம்பெனியிடம் தோற்ற ஹைதரின் மகன் திப்பு பாதி ராஜ்ஜியத்தை விட்டார், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார், அதற்குப் பிணையாக இரண்டு மகன்களை அனுப்பினார். செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள, அந்தப் போரை வென்ற கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். வென்றவனுக்கு அது பெருமை. பிள்ளைகள் 1794-இல் திரும்பிப் போனார்கள், 1799-இல் மறுபடி போர் வந்தது. அந்தப் போர் வராமலே இருந்திருந்தாலும், பணத்துக்குக் குழந்தைகளைப் பிணை வைத்தது அநியாயம்தான். பின்விளைவைத் தள்ளிவைத்துவிட்டு நியாயத்தைப் பேசச் சொல்வது இதற்காகத்தான்.

இழப்பீடு கேட்காவிட்டால் நியாயம் என்று முடிவுகட்டுவதும் அடிக்கடி பார்க்கும் தவறு. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானுடன் சமாதானம் பேசிய 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு இந்தியா போகவில்லை. அங்கே ஜப்பானுக்குத் தயாரான நிபந்தனைகளில் பணச் சுமை குறைவுதான். ஆனால் அமெரிக்கப் படைகள் ஜப்பானில் தொடர்ந்து இருப்பதும் ரியூக்யூ தீவுகள் அமெரிக்க ஆளுகையில் இருப்பதும் சுதந்திர நாட்டுக்கு அழகில்லை என்பது நேரு அரசின் வாதம். 1952 ஜூன் 9 அன்று இந்தியா ஜப்பானுடன் தனியாக ஒப்பந்தம் போட்டது. அதில் இழப்பீட்டுக் கோரிக்கைகள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தது.