லிங்க்கில் நெட்வொர்க் டேப்: பொருத்துவது முதல் தடுப்பது வரை

பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் அலுவலக ரேக்கைப் பராமரிப்பவர்கள் பலர் கண்காணிப்புக்கு ஸ்விட்சின் மிரர் போர்ட்டோடு (மற்ற போர்ட்டின் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் போர்ட்) நின்றுவிடுகிறார்கள். 1 ஜிபிபிஎஸ் லிங்க் இரு திசையிலும் நிரம்பினால் மொத்தம் 2 ஜிபிபிஎஸ். ஒரே மிரர் போர்ட்டில் அது அடங்காது. மிச்ச பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் விழும். பழுதான ஃபிரேம்களை ஸ்விட்ச் முன்பே கழித்துவிடுவதால் கேபிள் கோளாறும் கண்ணில் படாது. அதற்குப் பதில் ஃபயர்வாலுக்கும் கோர் ஸ்விட்சுக்கும் நடுவே டேப் போடுங்கள்: கேபிளில் ஓடுவதை அப்படியே நகலெடுத்துத் தரும் தனிக் கருவி அது.

ஃபைபர் டேப் வாங்கும் முன் ஒளிக் கணக்கு போட வேண்டும். ஒளியைச் சமமாகப் பிரிக்கும் 50/50 டேப் இரு பக்கமும் 3 டிபி (டெசிபெல், அதாவது பாதி ஒளி) குறைக்கும். 70/30 டேப்பில் லிங்க் பக்கம் சுமார் 1.6, மானிட்டர் பக்கம் சுமார் 5.2 டிபி. கனெக்டர் இழப்பு இதற்கு மேல். நீண்ட தூரத்துக்கான 10ஜி எல்ஆர் ஆப்டிக்குக்கு மைனஸ் 14.4 டிபிஎம் (ஒளித் திறனின் அலகு) வரை ஒளி போதும். ஸ்விட்சில் இப்போதைய ஆர்எக்ஸ் (வந்துசேரும் ஒளி) அளவைப் பார்த்து, இழப்பைக் கழித்து, குறைந்தது 2 டிபி மிஞ்சுகிறதா என்று பாருங்கள். குறுந்தூரத்துக்கான மல்டிமோட் 10ஜி எஸ்ஆரில் தரநிலை அனுமதிக்கும் மொத்த இழப்பே 3 டிபிக்கும் குறைவு, நீளமான கேபிளில் 50/50 தாங்காது. பேட்ச் கார்டு எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும், செருகும் முன் முனையைத் துடையுங்கள்.

டேப்பில் மானிட்டர் போர்ட் இரண்டு, திசைக்கு ஒன்று. ஆகவே கேப்சர் சர்வரிலும் இரண்டு போர்ட் தேவை. ஒன்றை விட்டால் பாதி உரையாடல்தான் பதிவாகும். 1ஜி ஃபைபரில் சர்வர் போர்ட் லிங்க் அப் ஆகவில்லையா? டேப் ஒரு திசையில் மட்டும் ஒளி தருவதால் சர்வர் போர்ட்டால் எதிர்முனைக்குப் பதில் அனுப்ப முடியாது. இரு முனையும் பேசி இணைப்பு முறையை முடிவு செய்யும் ஆட்டோ நெகோஷியேஷனை அணையுங்கள். போர்ட்டுகளுக்கு ஐபி முகவரி வேண்டாம். லினக்ஸின் ஈத்டூல் கட்டளையில் பாக்கெட்டுகளை ஒட்டும் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒட்டிச் சேர்த்த பெரிய பாக்கெட்டுகள் பதிவாகி அளவுகள் பொய்யாகும்.

1 ஜிபிபிஎஸ் இடைவிடாமல் ஓடினால் மணிக்கு 450 ஜிபி. முழுப் பதிவைச் சுழற்சிக் கோப்புகளாக வைத்து, நீண்ட காலத்துக்கு ஜீக் போன்ற கருவியின் இணைப்பு லாக்கை (யார் யாரோடு எப்போது பேசினார் என்ற குறிப்பு) மட்டும் சேமியுங்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இட்ட உத்தரவு 180 நாள் லாக்கையும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிக்கையையும் கேட்கிறது. நேரம் பிசகிய லாக் அங்கே உதவாது. கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபியை முதல் நாளே சரிசெய்யுங்கள்.

1ஜி காப்பர் டேப்புக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் ரிலே விழுந்து கேபிள் நேரடியாக இணையும். ஆனாலும் லிங்க் சில நொடிகள் அறுந்து வரும். பழைய ஸ்பேனிங் ட்ரீ (ஸ்விட்சுகளுக்குள் சுழற்சியைத் தடுக்கும் முறை) ஓடும் போர்ட்டில் அது 30 நொடி வரை நீளும். பெங்களூரில் ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளி போதும் இதைக் கிளப்ப. டேப்பின் இரண்டு பவர் சப்ளையையும் வெவ்வேறு யுபிஎஸ்ஸில் செருகி, அலுவலகம் முடிந்தபின் இரண்டையும் பிடுங்கிச் சோதியுங்கள்.

டேப் பார்க்கும், தடுக்காது. இணைப்பை முறிக்கும் டிசிபி ரீசெட் பாக்கெட்டை அனுப்பலாம் என்பார்கள்; இணைப்பு இல்லாமல் அனுப்பும் யுடிபிக்கு அது செல்லாது, டிசிபியிலும் பதில் பாக்கெட் முந்திக்கொள்ளும். எச்சரிக்கை வந்ததும் ஃபயர்வாலில் விதி சேர்க்கும் தனி மேலாண்மைப் பாதைதான் நம்பகமானது. விதிக்கு காலாவதி நேரமும் வையுங்கள்.

தடுத்தபின் டேப்பில் உள்ளிருந்து செல்லும் எஸ்ஒய்என் (இணைப்பு கேட்கும் முதல் பாக்கெட்) தொடர்ந்து தெரியும், ஏனெனில் டேப் ஃபயர்வாலுக்கு உள்பக்கம் இருக்கிறது. விதி தவறு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பதில் திசை நின்றிருந்தால் தடுப்பு வேலை செய்கிறது. விடாமல் எஸ்ஒய்என் அனுப்பும் ஐபி முகவரிக்கு உரிய கணினியை உடனே நெட்வொர்க்கிலிருந்து துண்டியுங்கள்.