பிக்கப் வண்டியோட முன் பிரேக் டிஸ்க்: எப்போ மாத்தணும், நாமளே எப்படி மாத்தறது

மீன்பிடி தடைக்காலம் வந்துட்டா சென்னை காசிமேடு ஹார்பர்ல எங்க பிக்கப்புக்கு லோடு பாதியா குறைஞ்சுடும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது, அதனால வண்டி வேலை எல்லாத்தையும் நானும் எங்க அண்ணனும் அந்த நாளுக்குன்னே தள்ளி வச்சிருப்போம், அதுல மொதல் வேலை முன்னாடி ரெண்டு வீலையும் கழட்டி பிரேக் டிஸ்க்கை அளந்து பார்க்கறது. புதுசா பிக்கப் வாங்கி ஓட்டற தம்பிங்க நிறைய பேரு இதைப் பத்தி கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதிடறேன்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன், இது பிரேக்கு. மொத தடவை பண்றப்போ வேலை தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரை பக்கத்துல உக்கார வச்சுக்கினு பண்ணுங்க. ரெண்டாவது தடவை தனியா பண்ணலாம்.

நம்ம பக்கம் டிஸ்க் ஏன் சீக்கிரம் போவுது

நம்ம ஊர்ல ஓடற சின்ன பிக்கப் முக்காவாசி முன்னாடி டிஸ்க் (வீலோட சேந்து சுத்தற தட்டு, ரெண்டு பக்கமும் பேடுங்கற கட்டை கவ்வி அதை நிறுத்தும்), பின்னாடி டிரம்மு. பிரேக் அடிச்சா வண்டி வெயிட்டு முன்னாடி சாயும், அதனால முன் வீலுதான் பெரும்பாடு படும். எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் வண்டிங்களுக்கு நடுவுல பத்தடி போ, நில்லு, பத்தடி போ, நில்லுன்னு லோடோட போறப்போ டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது.

அதை விட மோசம் உப்பு. மீன் பாக்ஸுலேர்ந்து கரைஞ்சு வடியற ஐஸ் தண்ணியும் கடல் தண்ணியும் ஹார்பர் உள்ள தரையில குட்டை குட்டையா நிக்கும், அதுல இறங்கித்தான் வண்டியை ரிவர்ஸ் எடுக்கணும். டிஸ்க்கு வார்ப்பிரும்பு. வென்டிலேட்டட் டிஸ்க்கா இருந்தா ரெண்டு தட்டுக்கும் நடுவுல காத்து போறதுக்கு சந்து இருக்கும், அந்த சந்துல உப்புச் சேறு போய் உக்காந்து உள்ளேர்ந்தே தின்னும், வெளியில பார்த்தா பளபளன்னு இருக்கும். ராத்திரி நிறுத்திட்டு காலையில பார்த்தா டிஸ்க் மேல ஆரஞ்சு கலர்ல லேசா துரு படிஞ்சிருக்கும் பாருங்க, அதுக்கு பயப்படாதீங்க, நாலு பிரேக் அடிச்சா போயிடும். ஓரத்துல பொருக்கு பொருக்கா உரியற துருதான் கெட்டது.

மழைக்காலத்துல சுரங்கப்பாதை தண்ணியில, டிஸ்க் கொதிக்க கொதிக்க இருக்கறப்போ சடார்னு வண்டியை இறக்காதீங்க. ஒரேயடியா குளுந்தா விரிசல் விடும்.

என்னென்ன அறிகுறி

பிரேக் அடிக்கறப்போ ஸ்டீயரிங் ஆடுச்சுன்னா பெரும்பாலும் முன் டிஸ்க்கு. ஸ்டீயரிங் கம்முனு இருந்து பெடல் மட்டும் காலுக்கு கீழ துடிச்சுதுன்னா பின் டிரம் வட்டம் மாறியிருக்கான்னும் பாருங்க. கீச்சுன்னு சத்தம் வந்தா பேடு தேஞ்சுக்கினு வருது, கரகரன்னு இரும்பு உரசற சத்தம் வந்தா பேடு தீந்துபோய் பின்னாடி இருக்கற இரும்புத் தட்டு டிஸ்க்கை அறுத்துக்கினு இருக்குதுன்னு அர்த்தம், அன்னிக்கு லோடு ஏத்தாதீங்க.

வீலைக் கழட்டினப்புறம் டிஸ்க் மேல நகத்தை குறுக்கால ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டற அளவுக்கு பள்ளம் இருந்தா கவனிக்கணும். நீலமா திட்டு இருந்தா ரொம்ப சூடாகியிருக்கு. விரிசல் இருந்தா யோசிக்கவே வேணாம், மாத்துங்க.

அளக்கறது

இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. கண்ணால பார்த்துட்டு "இன்னும் ஓடும்ணா"ன்னு சொல்ற ஆளுங்க பேச்சை எடுத்துக்காதீங்க. டிஸ்க் ஓரத்துலயோ நடுப் பகுதியிலயோ கம்பெனிக்காரன் மினிமம் திக்னஸ் அடிச்சிருப்பான், துரு மூடியிருந்தா கம்பி பிரஷ் போட்டு தேச்சா எழுத்து தெரியும். உதாரணத்துக்கு 22 மில்லி (மில்லிமீட்டர்)ன்னு அடிச்சிருந்தா, எந்த ஒரு எடத்துல அளந்தாலும் 22க்கு கீழ போகக் கூடாது.

ரெண்டு வாயால கவ்வி கனம் அளக்கற வெர்னியர் வச்சு நேரா அளந்தா ஏமாந்துடுவீங்க. பேடு உரசாத வெளி ஓரம் தேயாம அப்படியே வரப்பு மாதிரி நிக்கும், வெர்னியர் வாய் அந்த வரப்பு மேல உக்காந்துக்கும், அளவு ஜாஸ்தியா காட்டும். எங்க அண்ணன் காட்டிக் குடுத்த வழி இது: ஒரே மாதிரி ரெண்டு ஒத்த ரூவா காசு எடுத்துக்குங்க. மொதல்ல ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அளந்து எழுதிக்குங்க. அப்புறம் டிஸ்க்குக்கு ரெண்டு பக்கமும், வரப்புக்கு உள்ளாற ஒவ்வொரு காசை வச்சு மொத்தமா அளங்க, அதுலேர்ந்து காசோட அளவை கழிங்க. மிச்சம் இருக்கறதுதான் டிஸ்க்கோட நெஜ கனம். டிஸ்க்கை சுத்திவிட்டு ஆறு எட்டு எடத்துல இதே மாதிரி பாருங்க. ஸ்க்ரூ கேஜ் இருந்தா இன்னும் நல்லது, காசே வேணாம்.

மினிமத்துக்கு மேல நல்லா இருந்து பள்ளம் மட்டும் இருந்தா லேத்துல குடுத்து முகம் எடுக்கலாம், ஆனா கடைஞ்ச பிறகும் அந்த மினிமத்துக்கு மேல மிச்சம் இருக்கணும். மினிமத்தை ஒட்டி நிக்கற டிஸ்க்கை கடைஞ்சு காசை வீணாக்க வேணாம்னு நான் சொல்வேன், மெலிஞ்ச டிஸ்க்கு சூட்டைத் தாங்காது.

மாத்தறதுன்னா ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க, பேடும் புதுசு போடுங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் அடிக்கறப்போ வண்டி ஒரு பக்கமா இழுக்கும். ஸ்பேர் வாங்க ஜி.பி. ரோடு போறப்போ பழைய டிஸ்க்கையே கையில எடுத்துக்கினு போங்க, வண்டி மாடலை சொல்லி வாங்கினாலும் ஓட்டை எண்ணிக்கை, உயரம் எல்லாம் பக்கத்துல வச்சுப் பார்த்து வாங்கறது நல்லது.

கழட்டறது

சமமான தரை வேணும், சரிவுல பண்ணாதீங்க. பின் வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுங்க. வீல் தரையில இருக்கறப்பவே நட்டை எல்லாம் அரை சுத்து லூஸ் பண்ணிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்க, தூக்கினதும் சேஸிஸ்க்கு கீழ ஸ்டாண்டு குடுங்க. வெறும் ஜாக்கியை நம்பி கையை உள்ள விடாதீங்க, தயவு செஞ்சு. கழட்டின வீலை வண்டிக்கு அடியில படுக்க வச்சுடுங்க, அது இன்னொரு காப்பு.

பேடை டிஸ்க் மேல அமுக்கற கவ்விதான் கேலிபர், அதுக்கு பின்னாடி கேலிபர் வழுக்கி நகர்ற பின்னோட (pin) ரெண்டு போல்ட்டு இருக்கும், அதைக் கழட்டினா கேலிபர் வந்துடும். அதை பிரேக் ஓஸ்ல தொங்க விடாதீங்க, உள்ள ஓஸ் அறுந்தா வெளியில தெரியாது. கட்டுக்கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டிடுங்க. பேடை எடுத்து உள் பேடு, வெளி பேடு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணு 3 மில்லிக்கு கீழ தேஞ்சு இன்னொண்ணு பாதி அப்படியே இருந்தா கேலிபர் பின் ஜாமாயிருக்குன்னு அர்த்தம். அதைச் சரி பண்ணாம புது பேடு போட்டா அதுவும் அதே மாதிரிதான் தேயும். பேடு தூசியை ஏர் அடிச்சு கிளப்பாதீங்க, மூச்சுக்கு கெடுதல், ஈரத் துணியில துடைங்க.

அப்புறம் கேலிபர் பிராக்கெட்டோட ரெண்டு பெரிய போல்ட்டு. சரியான சாக்கெட் போட்டு நீளமான கைப்பிடியில எடுங்க, டைட்டாத்தான் இருக்கும்.

டிஸ்க் ரெண்டு மாதிரி வரும். வீல் நட்டு ஏறற ஸ்டட் மேல சும்மா மாட்டியிருக்கற மாதிரின்னா ஒண்ணு ரெண்டு சின்ன ஸ்க்ரூவை கழட்டினா கையில வரும். வீல் உக்கார்ற ஹப்புக்கு பின்னாடி போல்ட் போட்டு இறுக்கியிருக்கற மாதிரின்னா ஹப்பு, பேரிங் எல்லாம் வெளிய வரணும், அந்த வேலையை மொத தடவையே நீங்க தொட வேணாம், மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க. சும்மா மாட்டியிருக்கற டிஸ்க்கும் துருவுல ஒட்டிக்கினு வராது. துரு ஆயில் அடிச்சு பத்து நிமிஷம் விடுங்க. டிஸ்க்குல மரையோட ரெண்டு ஓட்டை இருந்தா அதுல போல்ட் விட்டு மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, டிஸ்க் தானா வெளிய தள்ளிக்கினு வரும்.

ஹப்பு முகம்

இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு ஷெட்டுல எங்க வண்டிக்கு புது டிஸ்க் போட்டோம். அன்னிக்கு வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. ரெண்டு மாசத்துல மறுபடி ஸ்டீயரிங் ஆட்டம். டிஸ்க் டூப்ளிகேட்டா இருக்கும்னு சொல்லி இன்னொரு ஜோடி போட்டாங்க, அதுவும் அதே கதி. மூணாவது தடவை அண்ணனே வீட்டு வாசல்ல கழட்டுச்சு. டிஸ்க்கை எடுத்துட்டு ஹப்பு முகத்தை விரலால தடவிப் பார்த்துட்டு, "இங்க கைய வையிடா"ன்னுச்சு. ஸ்டட்டுக்கு பக்கத்துல நகக்கண் அளவுக்கு ஒரு துருப்பொருக்கு, தாள் கனம்தான் இருக்கும், கருப்பா கெட்டியா ஒட்டியிருந்துச்சு.

அந்த தாள் கனம் போதும். ஹப்புல டிஸ்க் துளி சாஞ்சு உக்காந்தா வெளி ஓரத்துல அந்த சாய்வு ரெட்டிப்பா ஆயிடும். பிரேக்கே அடிக்கலைன்னாலும் ஒவ்வொரு சுத்துக்கும் டிஸ்க்கோட ஒரே எடம் பேடை ஒரு தட்டு தட்டிட்டு போவும். இப்படியே ஆயிரக்கணக்குல கிலோமீட்டர் ஓடினா அந்த எடம் மட்டும் மெலிஞ்சுடும், அப்புறம்தான் பெடல் துடிக்கும், ஸ்டீயரிங் ஆடும். அதனாலதான் மாட்டின அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு மாசம் கழிச்சு தெரியும். டிஸ்க் பெண்டாயிடுச்சுன்னு நாம சொல்றதுல பாதி இதுதான், பெண்டே இல்ல.

அதனால கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள், ஒவ்வொரு ஸ்டட்டையும் சுத்தி, நடு வளையத்தையும் சுத்தி, இரும்பு வெள்ளையா தெரியற வரைக்கும் தேய்ங்க. ஒரு பக்கத்துக்கு கால் மணி நேரம் ஆனாலும் பரவால்ல. கண்ணை மூடிக்கினு விரலால தடவுங்க, கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்கு தெரியும். ஆட்டத்தை அளக்கற டயல் கேஜ் கிடைச்சா டிஸ்க்கை ரெண்டு மூணு வீல் நட்டு போட்டு இறுக்கி சுத்திப் பாருங்க, 0.05 மில்லிக்குள்ள ஆட்டம் இருந்தா அருமை. உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கற அளவுதான் கடைசி.

மாட்டறது

புது டிஸ்க் மேல துரு பிடிக்காம இருக்க எண்ணெய் தடவியிருப்பாங்க. பிரேக் கிளீனர் போட்டு சுத்தமான துணியில ரெண்டு பக்கமும் துடைங்க, துணியில கறை வராத வரைக்கும். அதுக்கப்புறம் டிஸ்க் முகத்தையும் பேடு முகத்தையும் கிரீஸ் கையால தொடாதீங்க.

பிராக்கெட்டை மேனுவல்ல சொன்ன டைட்டுக்கு முறுக்குங்க. கேலிபர் பின்னை வெளிய இழுத்து பழைய கிரீஸை துடைச்சுட்டு பிரேக்குக்குன்னே விக்கற சிலிகான் கிரீஸ் தடவுங்க, சேஸிஸுக்கு அடிக்கற கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிடும்.

பழைய பேடு தேஞ்சதுக்கு ஏத்த மாதிரி கேலிபர் உள்ள பேடைத் தள்ளற பிஸ்டன் வெளிய வந்திருக்கும், சி கிளாம்ப் போட்டு மெதுவா உள்ள தள்ளணும். அதுக்கு முன்னாடி பிரேக் ஆயில் டப்பா மூடியை திறந்து பாருங்க, ஃபுல்லா இருந்தா கொஞ்சம் உறிஞ்சி எடுத்துடுங்க, இல்லன்னா பொங்கி வழிஞ்சு பெயின்டை தின்னுடும். ஆயில் கருப்பா இருந்தா இதோட மாத்திடுங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், டாட் 3ங்கற கிரேடு ஆயில் புதுசுல 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் ஏறிட்டா 140லயே கொதிச்சுடலாம், கடலோரம் ஓடற வண்டிக்கு இது முக்கியம். மூடியில எந்த கிரேடு போட்டிருக்கோ அதே, வேற எந்த ஆயிலும் ஊத்தாதீங்க.

பேடு, கேலிபர், வீல் எல்லாம் மாட்டி, நட்டை வட்டமா வரிசையா முறுக்காம எதிர் எதிரா முறுக்குங்க. வண்டியை இறக்கினதும் கடைசி டைட் குடுங்க.

இப்போ வண்டியை ஸ்டார்ட் பண்ணி நகத்தறதுக்கு முன்னாடி பெடலை மிதிங்க. மொத நாலஞ்சு மிதி பொத்துன்னு தரை வரைக்கும் போவும், பிஸ்டன் உள்ள தள்ளியிருக்கோம்ல. கெட்டியாகற வரைக்கும் மிதிச்சுட்டு ஆயில் லெவலை பாருங்க. இதை மறந்து கியர் போட்டா எதிர் சுவருதான் பிரேக்கு. எத்தனை மிதிச்சாலும் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கிச்சுன்னா உள்ள ஏர் இருக்கு, ஏர் எடுக்காம ரோட்டுக்கு போகாதீங்க.

லோடு இல்லாம, விடியக்காலையில ரோடு காலியா இருக்கறப்போ 50 கிலோமீட்டர் வேகத்துலேர்ந்து 10க்கு நிதானமா பிரேக் அடிச்சு குறைங்க, முழுசா நிறுத்த வேணாம், ஒரு அரை நிமிஷம் ஓடவிட்டு ஆறவச்சு மறுபடி. எட்டு பத்து தடவை. அதுக்கப்புறம் பிரேக் தொடாம கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுங்க. மொத 200 கிலோமீட்டருக்கு ஃபுல் லோடும் வேணாம், சடன் பிரேக்கும் வேணாம், பேடு டிஸ்க்கோட பழகணும். 100 கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டை ஒரு தடவை ஸ்பேனர் போட்டு பாருங்க, புது டிஸ்க் போட்டா நட்டு கொஞ்சம் லூஸாகறது உண்டு.