படகு இன்ஜினில் துரு: கரையில் நடக்கும் தவறுகள்

நாகப்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் மெக்கானிக் கடையில் பிரித்துப் போட்டிருக்கும் அவுட்போர்டு இன்ஜினை, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜினைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளையாக உப்பு கட்டியிருக்கும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. இன்ஜின் ஓடும்வரை அது தண்ணீரோடு வெளியேறிக்கொண்டே இருக்கும், நிறுத்தியபிறகு உள்ளே தங்கிய தண்ணீர் காய்ந்து உப்பு அங்கேயே படிந்து அலுமினியத்தை அரிக்க ஆரம்பிக்கும். அதனால் கரைக்கு வந்தபிறகு செய்கிற தவறுதான் இன்ஜினை அதிகம் கெடுக்கிறது.

வெளியே மட்டும் கழுவிவிட்டுப் போவதுதான் இதில் பெரிய தவறு. நல்ல தண்ணீர் உள்ளே ஓட வேண்டும். ஹோஸ் மாட்டியோ, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இன்ஜினின் காலை, அதாவது விசிறி இருக்கும் அடிப்பாகத்தை இறக்கி நியூட்ரலில் வைத்தோ பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். இன்ஜின் சூடேறி, சூட்டுக்குத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தால்தான் தண்ணீர் பிளாக் முழுக்கச் சுற்றும். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டிவிடாதீர்கள், வாட்டர் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் ரப்பர் கருகிவிடும்.

சரி, எந்தத் தண்ணீர்? நம் டெல்டா கரையோரத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரில் கழுவினால் கடல் உப்பு போய் போர் உப்பு வந்து உட்காரும், அவ்வளவுதான். குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீர் குடிக்கவே போதாத ஊரில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே டிரம் தண்ணீரில் நாள் கணக்காக இன்ஜினை இறக்கினால் அதுவும் உப்பேறிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்தது இன்ஜின் காலில் மாட்டியிருக்கும் ஜிங்க் (துத்தநாக) கட்டி. வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் இருந்தால் அதில் ஒன்று கரையும். இன்ஜின் காலுக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகத்தான் ஜிங்க்கை அங்கே மாட்டியிருக்கிறார்கள். படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அழகாக இருக்கட்டும் என்று அதன்மேலும் ஒரு கோட் இழுத்துவிடுகிறார்கள், அப்புறம் அது இருந்தும் பயனில்லை. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் கரையாமல் புதுசு போலவே இருந்தால் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட்டோ அழுக்கோ தொடர்பைத் தடுக்கிறதா பாருங்கள். பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயிண்ட் அலுமினியக் காலில் படவே கூடாது, அரிப்பை அதுவே வேகப்படுத்தும்.

கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். விசிறியைக் கழற்றிப் பாருங்கள், தங்கூஸ் நரம்பு (நைலான் தூண்டில் இழை) தண்டில் சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீலை அறுத்திருக்க வாய்ப்புண்டு. ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டினால் பேரிங் துருப்பிடித்துச் செலவு பல மடங்காகும்.

நீளமான தண்டின் முனையில் விசிறி இருக்கும், காற்றில் குளிரும் லாங் டெயில் இன்ஜின் கொதிக்கும்போதே தண்ணீரை ஊற்றாதீர்கள், சிலிண்டர் விரிசல் விடலாம். ஆறியபிறகு ஈரத்துணியால் துடையுங்கள், இடுக்கில் உப்பும் அழுக்கும் அடைந்தால் சூடு வெளியே போகாது.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், ஃபைபர் படகுகளுக்கு ஐப்பசி, கார்த்திகையில் புயல் ஓய்வு. அப்போது ஈரம் காயும் முன்னே தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே ஆவி அடைந்து துரு கிளம்பும். காய்ந்தபிறகு கட்டுங்கள், அடியில் காற்றுப் போக வழி விடுங்கள். பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், அதனால் நிறுத்தும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. தொழிலுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அத்தனை நாளும் அது பேரிங்கிலேயே கிடக்கும். டீசல் டேங்கையும் நிரப்பி வையுங்கள், காலி இடம் இருந்தால் இரவுக் குளிரில் உள்ளே நீர் கோத்து இன்ஜெக்டர் வரை துரு போகும்.