கிட் காருக்கு ஸ்டீயரிங் ஜாயிண்ட்: முதலில் கோணம், அப்புறம் கடை

பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட் காரைக் கட்டும்போது ஸ்டீயரிங் ஜாயிண்ட் பற்றிய யோசனை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது, முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக் பூட்டியாயிற்று, டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்டீயரிங் தண்டும் தயார். ஆனால் இரண்டுக்கும் நடுவே எக்ஸாஸ்ட் குழாய் குறுக்கே நிற்கும். தண்டு வளைந்துதான் போக வேண்டும், அதற்குத்தான் யூ-ஜாயிண்ட், அதாவது இரண்டு தண்டுகளைக் கோணத்தில் இணைத்துச் சேர்ந்து சுழலவிடும் மூட்டு.

உடனே வாங்கக் கிளம்ப வேண்டாம். எத்தனை ஜாயிண்ட், ஒற்றையா, இரண்டு மூட்டுகள் ஒட்டினாற்போல் வரும் இரட்டையா என்பதையெல்லாம் உங்கள் வண்டியில் இருக்கும் கோணம்தான் தீர்மானிக்கும்.

படி 1: போலித் தண்டு கட்டுங்கள்

எஞ்சின், எக்ஸாஸ்ட், பெடல், சீட் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். சீட்டில் உட்கார்ந்து, வீல் கைக்கு வாகாக வரும் உயரத்தில் மேல் தண்டை நிறுத்துங்கள். அங்கிருந்து ரேக்கின் பினியன் வரை, அதாவது ரேக்கை நகர்த்தும் பல்சக்கரத்தின் தண்டு வரை, மரக்குச்சிகளையோ மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களையோ வைத்து வழி பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதை மறக்காதீர்கள். நின்ற வண்டியில் உரசாத தண்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் உரசலாம்.

படி 2: உண்மையான கோணத்தை அளங்கள்

இங்கேதான் நிதானம் தேவை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் தண்டு 20 டிகிரி சாய்கிறது, சரி. மேலிருந்து பார்த்தால் அதே தண்டு 15 டிகிரி உள்பக்கம் திரும்புகிறது. ஜாயிண்ட் வளைய வேண்டியது 20-ம் அல்ல, 15-ம் அல்ல, சுமார் 24 டிகிரி. கணக்குப் போடப் பிடிக்காதவர்களுக்கு எளிய வழி உண்டு: இரண்டு குச்சிகளும் சந்திக்கும் இடத்தில் ஓர் அட்டையை இரண்டின் மீதும் படியும்படி வைத்து, குச்சிகளை ஒட்டிக் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளுக்கு இடைப்பட்ட கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் விடை கிடைத்துவிடும்.

ஒற்றை ஜாயிண்டுகளை வழக்கமாக 30 முதல் 35 டிகிரி வரை வளைக்கலாம். எவ்வளவு என்பது தயாரிப்பைப் பொறுத்தது, அவர்கள் தரும் எண்ணைப் பாருங்கள். என் வழக்கம் 25-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. காரணம், வளைந்த யூ-ஜாயிண்ட் சீராகச் சுழலாது. மேல் தண்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும் கீழ்த் தண்டு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமெடுத்து, இரண்டு முறை பின்தங்கும். 15 டிகிரியில் இந்த வேறுபாடு 3 சதவீதத்தை ஒட்டியிருக்கும், கையில் தெரியாது. 30 டிகிரியிலோ ஒருபுறம் 15 சதவீதம் கூடும், மறுபுறம் 13 சதவீதம் குறையும். வளைவில் திருப்பும்போது வீல் இலகுவாகி, இறுகி, மறுபடி இலகுவாவது போலத் தோன்றும்.

படி 3: எத்தனை ஜாயிண்ட்?

பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு போதும். அதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது: முதல் ஜாயிண்ட் செய்யும் குளறுபடியை இரண்டாவது சரிசெய்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். இரண்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். நடுத் தண்டின் இரு முனையிலும் உள்ள யோக்குகள், அதாவது இரண்டு கைகள் நீண்டிருக்கும் அந்தக் கவைகள், ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒன்று படுத்தும் மற்றொன்று நின்றும் இருந்தால் வேறுபாடு குறையாது, கூடும்.

மேல் தண்டு, நடுத் தண்டு, பினியன் மூன்றும் ஒரே தளத்தில் இருந்தால்தான் இது அப்படியே பொருந்தும். இல்லையென்றால், மேல் ஜாயிண்ட் வளையும் தளத்துக்கும் கீழ் ஜாயிண்ட் வளையும் தளத்துக்கும் உள்ள கோண அளவுக்கு ஒரு யோக்கைத் திருப்பி மாட்ட வேண்டும். தண்டின் முனையைச் சுற்றி நீளவாக்கில் வெட்டிய பற்களுக்கு ஸ்ப்லைன் என்று பெயர்; 36 பல் ஸ்ப்லைனில் ஒரு பல் நகர்த்தினால் 10 டிகிரி. இரு பக்கம் தட்டையாக்கிய டிடி தண்டில் இந்த வசதி கிடையாது, நேராக மாட்டலாம் அல்லது அரைச் சுற்றுத் திருப்பி மாட்டலாம், அவ்வளவுதான்.

இரண்டால் சமாளிக்க முடியாத வளைவென்றால் மூன்று. அப்போது நடுவில் இரண்டு தண்டுகள் வரும், பிடிமானம் இல்லாவிட்டால் அவை மடங்கிக்கொள்ளும். அவற்றில் ஒன்றைச் சேஸிஸோடு சேர்த்துப் பிடிக்க ஒரு தாங்கு பேரிங் கட்டாயம். இரட்டை ஜாயிண்ட் ஒன்று அதிகக் கோணம் வளையும், ஆனால் கணக்கில் அது இரண்டு. அதோடு ஒற்றை ஜாயிண்ட் ஒன்றைச் சேர்த்தால் மூன்றாகிவிடும், பேரிங் வேண்டும்.

படி 4: முனைகளைப் பொருத்துதல்

வெர்னியரால் விட்டத்தை அளந்தால் மட்டும் போதாது, பற்களையும் எண்ணுங்கள். 9/16 அங்குலத்தில் 26 பல்லும் உண்டு, 36 பல்லும் உண்டு. ஒரு பல்லில் பெயின்ட் வைத்துவிட்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் தவறாது. பழைய வண்டியிலிருந்து ரேக்கை எடுக்கும்போது அதன் கீழ் ஜாயிண்டையும் சேர்த்தே கழற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். இரண்டு யோக்குகளையும் நடுவில் இணைக்கும் சிலுவை வடிவக் கிராஸைக் கையால் எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். சொரசொரப்போ சிறு ஆட்டமோ இருந்தால் வேண்டாம்.

பூட்டும் முறையில் எனக்குப் பிடித்தது குறுக்கு போல்ட் வகை. தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாக போல்ட் போவதால், நட் தளர்ந்தாலும் ஜாயிண்ட் கழன்று வராது. செட் ஸ்க்ரூ வகையானால், ஸ்க்ரூவின் முனை உட்கார தண்டில் ஒரு குழி போட்டு, திரெட் பசையும் லாக் நட்டும் சேருங்கள். தண்டு யோக்கின் உள்விளிம்பு வரை போக வேண்டும், கிராஸில் இடிக்கக் கூடாது.

வெல்டிங் செய்யும் ஜாயிண்டுகளும் கிடைக்கும். தேர்ந்த வெல்டர் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். சூடு பேரிங்கையும் கிரீஸையும் கெடுத்துவிடும், சில இடங்களில் வாகனப் பரிசோதனையிலேயே வெல்டிங் செய்த ஸ்டீயரிங் தேறாது. பொது இயந்திரங்களுக்கான ஜாயிண்டையும், ஸ்பேனர் செட்டோடு வரும் ஜாயிண்டையும் தொடவே தொடாதீர்கள்.

நடுத் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சுருங்கும் வகையாக இருக்கட்டும். முன்பக்கம் மோதி ரேக் பின்னால் தள்ளப்பட்டால், தண்டு சுருங்க வேண்டுமே தவிர ஓட்டுபவரின் நெஞ்சை நோக்கி வரக் கூடாது.

படி 5: சுழற்றிப் பாருங்கள்

முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். எங்காவது இறுகினால் யோக் தளத்தையும் கோணங்களையும் மறுபடி பாருங்கள். இன்னொருவர் எஞ்சின் பக்கம் நின்று, ஜாயிண்டும் போல்ட் தலையும் எதிலும் இடிக்கவில்லை என்று கவனிக்கட்டும். எல்லாம் சரியென்றால் போல்ட்டுகளை அவற்றுக்குரிய டார்க்கில் இறுக்கி, நைலான் நட்டுகளைப் புதிதாகவே போட்டு, நட்டின் மீதும் யோக்கின் மீதும் சேர்ந்தாற்போல் ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு கோடு விலகியிருக்கிறதா என்று பார்க்க டார்ச் ஒன்றே போதும்.