லீஃப் ஸ்பிரிங் கிட் போட்டப்புறம் பிக்கப் தூக்கிப் போடுதா? பட்டையைக் கழட்டாதீங்க, இதை முதல்ல பாருங்க

எங்க பிக்கப் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) ஹார்பர்ல மீன் ஏத்தி பாண்டிக்கு ஓடுற வண்டி, பின்னாடி தொய்யுதுன்னு வெளில லீஃப் ஸ்பிரிங் கிட்டும் புது ஷாக்கும் வாங்கிப் போட்டோம், லோடோட போறப்ப அருமையா போச்சு, இறக்கிட்டு காலியா திரும்பினா ரெட்டிச்சாவடி வர்றதுக்குள்ள டிரைவர் தம்பிக்கு இடுப்பே விட்டுப்போச்சு. ஸ்பிரிங்ல அடுக்கியிருக்கற இரும்புப் பட்டைங்கள்ல ஒண்ணை உருவிடலாம்னு ஆளாளுக்கு சொன்னாங்க. அவசரப்படாதீங்க.

முதல்ல காத்து. காலைல டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பாருங்க. டோர் பக்கத்து ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ காலி வண்டிக்கு ஒரு அளவு, ஃபுல் லோடுக்கு ஒரு அளவு போட்டிருந்தா காலியா ஓட்டுறப்ப காலி அளவுதான் வைக்கணும், அதுக்குக் கீழ போகக்கூடாது, லோடு ஏத்துறதுக்கு முன்னாடி மறுபடி ஏத்திடணும்.

அடுத்தது தான் முக்கியம், நிறைய பட்டறைல கோட்டை விடுறதும் இங்கதான். வண்டி ஜாக்கில தொங்கிட்டு இருக்கும்போதே ஷேக்கிள் (பட்டையோட பின் முனையை சேஸிஸோட இணைக்கிற ஆடுற துண்டு) போல்ட், பட்டையோட முன் கண் (முன் முனைல சுருட்டியிருக்கற ஓட்டை) போல்ட் எல்லாத்தையும் ஃபுல்லா முறுக்கிடுறாங்க. போல்ட்டைச் சுத்தி இருக்கற ரப்பர் புஷ் அந்த நிலையிலயே இறுகிடும், வண்டியைக் கீழ இறக்கினதும் புஷ் முறுக்கிக்கிட்டு நிக்கும், அதுவே ஒரு எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும், சீக்கிரமே கிழிஞ்சும் போயிடும். எங்க வண்டிக்கும் இதே கதைதான்.

சரி பண்றது ஈஸி. சமமான தரையில நாலு சக்கரமும் ஊனி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, அந்த நட்டுகளை லூஸ் மட்டும் பண்ணுங்க, போல்ட்டை உருவவே கூடாது. பின்பக்கத்தை நாலஞ்சு தடவை அமுக்கி ஆட்டிட்டு, வெயிட் வண்டி மேலயே இருக்கும்போது கிட் பேப்பர்ல இருக்கற டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்க. ஷாக்கோட கீழ் புஷ்ஷுக்கும் இதேதான். பாலியூரித்தேன் புஷ்னா அது முறுக்காது, கிரீஸ் இருக்கான்னு மட்டும் பாருங்க. 500 கிலோமீட்டர் ஓடினதும் பட்டையை ஆக்சிலோட பிடிச்சிருக்கற யூ போல்ட்டை இன்னொரு தடவை டைட் பண்ணிடுங்க.

இதுக்கப்புறமும் கடினமா இருந்தா பழைய பட்டையும் புதுப் பட்டையும் வெர்னியர் வச்சு அளந்து பாருங்க. 7 மில்லிமீட்டர் இருந்த இடத்துல 8 போட்டா ஒரு மில்லிதானேன்னு தோணும், ஆனா கடினம் கனத்தோட மூணாம் அடுக்குல (கனம் × கனம் × கனம்) ஏறும், அந்தப் பட்டை மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கடினமாயிடும். கிட்ல 300 கிலோ நிரந்தர லோடுன்னு போட்டிருந்தா எப்பவுமே அவ்ளோ வெயிட் இருக்கற வண்டிக்குத்தான் அது, பாதி ட்ரிப் காலியா ஓடுறவங்க கடைல பேசி சின்ன ரேட்டிங் மாத்திக்கிறது நல்லது.

மீன் வண்டிக்குன்னு ஒண்ணு சொல்லணும். ஐஸ் தண்ணியும் உப்பும் பட்டை மேலயே சொட்டி துரு ஏறினா பட்டைங்க ஒண்ணுக்கொண்ணு வழுக்காம பிடிச்சுக்கும், புது கிட்டா இருந்தாலும் கட்டை மாதிரி ஆயிடும். லோடு இறக்கின அன்னைக்கே நல்ல தண்ணில அடிச்சு விடுங்க.

கடைசியா பிரேக். பின் ஆக்சில்ல லோடு சென்சிங் வால்வு (லோடைப் பொறுத்து பின் பிரேக் பிரஷரை மாத்துறது) லிங்க் இருக்கற வண்டியை கிட் போட்டு உயர்த்தினா, வால்வு வண்டி காலியா இருக்குன்னு நினைச்சு பின் பிரேக்குக்கு பிரஷரைக் குறைச்சிடும், முழு லோடு ஏத்தினாலும் பின் பிரேக் சரியா பிடிக்காது. அந்த லிங்க்கை அட்ஜஸ்ட் பண்ணாம லோடு ஏத்தவே ஏத்தாதீங்க.